அணில் யார் பக்கம்

ஊர்வேக்குத் திசை என்ற ஒன்று பிறவியிலேயே வாய்க்கவில்லை. எஸ்தோனியாவின் சிற்றூரான இஸாக்குவில் இருப்பதே ஒரு கடைத்தெரு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில்தான் போய் வருகிறாள். இன்றைக்கும் கடையிலிருந்து பையோடு வெளியே வந்தால் ஒரு கணம் நிற்பாள், பிறகு மிக உறுதியான நடையில் வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் கிளம்புவாள். எதிரே வருகிறவர்கள் கட்டைவிரலால் அவளுக்குப் பின்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். ஊர்வே நன்றி சொல்லித் திரும்பி நடப்பாள். அதில் அவளுக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

ஒருமுறை தார்த்து நகரத்தில் விலங்கியல்காரர்களின் கூட்டத்துக்குப் போனவள், மாடி மாறி ஒரு கல்யாண விருந்துக்குள் நுழைந்துவிட்டாள். புகைபோட்ட மீனும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், "இந்த வருஷம் எல்லாரும் நல்லா உடுத்திட்டு வந்திருக்காங்க, போன வருஷம் பாதிப் பேர் சேத்து பூட்ஸோட வந்தாங்க" என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. மணப்பெண் அவளை எழுந்துபோக விடவில்லை. கேக் வெட்டும் வரை உட்கார வைத்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு வேலை வாய்த்தது காட்டில். அதுவும் அலுதகுசே காடு. ஸ்ப்ரூஸ் மரங்கள் சுவர் மாதிரி நிற்கும், நடுநடுவே சதுப்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்த இடம் போலவே இருக்கும். அங்கேதான் நாட்டில் மிச்சமிருக்கும் பறக்கும் அணில்கள் இருக்கின்றன. பகலில் அணில் கண்ணில் படாது. வயதான ஆஸ்பென் மரத்தில் மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்தில் தூங்கும். பனி உருகும் காலத்தில் அந்த மரத்தடியில் மண்டியிட்டுத் தேடினால் அரிசி மணி போல மஞ்சளாக அதன் புழுக்கை கிடக்கும். கிடந்தால் மரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மண்டியிடுவதிலும் தேடுவதிலும் ஊர்வேயை மிஞ்ச ஆளில்லை. எழுந்து நின்று வண்டிக்குத் திரும்பி வருவதுதான் அவளுக்குப் பெரும்பாடு.

அவளுடைய ஆய்வு நிலையத்தின் தலைவர் ஹெல்துர். அவரும் ஊர்வேயும் ஒன்றாகப் படித்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவளிடமிருந்து அவருக்கு போன் வந்தது.

"ஹெல்துர், நான் ஒரு பஸ் ஸ்டாப்ல இருக்கேன்."

"எந்த பஸ் ஸ்டாப்?"

"பேர்ப்பலகை இருக்கு. படிக்கறேன், திட்டாம கேளு."

அவள் படித்தது பக்கத்து மாவட்டத்து ஊரின் பெயர். ஹெல்துர் திட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் சிரித்ததில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு அவரும் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தார்.

ஜி.பி.எஸ். கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது ஒரு ஏரியால்தான். ஒரு வசந்தத்தில் அணில் மரம் தேடப் போன தன்னார்வலர்கள் அவரவர் போனில் அவரவருக்குப் பிடித்த செயலியைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவருடைய செயலி இடத்தின் டிகிரியைப் புள்ளி வைத்துக் காட்டியது. இன்னொருவருடையது டிகிரி, நிமிடம், வினாடி என்று பிரித்தது. மூன்றாமவருடையது எஸ்தோனியாவின் சொந்தக் கட்டக் கணக்கில் மீட்டராக எழுதியது. எல்லா எண்களும் அட்டவணையின் ஒரே பத்தியில் போய் விழுந்தன. தலைநகரில் நடந்த கூட்டத்தில் ஹெல்துர் பெருமையோடு வரைபடத்தைத் திரையில் போட்டார். அணில்களில் ஒரு நல்ல பகுதி பெய்ப்சி ஏரியின் நடுவில் இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் நிதானமாகக் கேட்டார். "இதுங்க மீன் புடிக்குமா, இல்ல சும்மா குளிக்கப் போயிருக்கா?"

திரும்பி வந்ததும் ஹெல்துர் ஊர்வேயின் மேசைமேல் தொப்பியை வைத்தார்.

"இனிமே எல்லாருக்கும் ஒரே கருவி, ஒரே செயலி. எதுன்னு நீ சொல்லு."

"நானா? கழிப்பறைக்குப் போய்ட்டு என் அறைக்குத் திரும்பி வரவே எனக்கு வழி தெரியாதே."

"அதுக்குத்தான். எங்களுக்குக் காடு தெரியும், கருவி தப்பாக் காட்டினாலும் காலு தன்னால வழி போயிடும். உன்னை ஒரு கருவி வண்டிக்குக் கொண்டுவந்து சேத்துடுச்சுன்னா, அது யாரையும் சேக்கும்."

யாருக்கும் கோபம் வரக்கூடிய பேச்சு. ஊர்வே அதை யோசித்துப் பார்த்தாள், நியாயமாகப் பட்டது. சரி என்றாள்.

அன்றிலிருந்து அவள் வீடு பட்ட பாட்டை அவள் கணவரிடம்தான் கேட்க வேண்டும். வசந்தத்தில் காட்டுக்குள் விரல் விறைக்கும் குளிர், அதில் பேட்டரி எப்படி நிற்கிறது என்று பார்க்க அவள் போனும் கைக்கருவியுமாக எல்லாவற்றையும் உறைபெட்டியில் வைத்தாள். சமைக்க மீன் எடுக்கப் போன மனுஷன், லிங்கன்பெர்ரிப் பழப் பைக்கு அடியிலிருந்து மணி அடிப்பதைக் கேட்டு, தோண்டி எடுத்துப் பேசினார். அந்தப் பக்கம் கருவி விற்கும் பையன்.

"மேடம் இருக்காங்களா? கருவி எப்படி வேலை செய்யுதுன்னு கேக்கலாம்னு..."

"உறைஞ்சு கெடக்கு. ஆனா மணி நல்லா அடிக்குது" என்று சொல்லி, அவர் போனைப் பழையபடி பழத்துக்கு அடியில் புதைத்தார்.

நிலையத்தில் போனுக்குப் பரிந்து பேசியவள் பிரெத். ஊர்வேயைவிட இளையவள், கணினி வேலை முழுக்க அவள் கையில். பொத்தான் வைத்த பழைய மாதிரிக் கைக்கருவியைக் கண்டாலே அவளுக்குச் சிரிப்பு.

"இதுல ஒரு குறிப்பு எழுதறதுக்குள்ள அணில் குட்டி போட்டு, அதுக்கும் கல்யாணம் ஆயிடும். போன்ல படம் எடுக்கலாம், வரைபடம் பெருசாத் தெரியுது, எண்ணெல்லாம் நேரா என் கணினிக்கு வந்துடும். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"வீட்டுக்கு வரணும்" என்றாள் ஊர்வே.

சோதனை அவளுடைய முறையில் நடந்தது. காட்டில் அங்கங்கே மரங்களில் சிவப்பு நாடா கட்டுவாள். ஒவ்வொரு கருவியிலும் இடத்தைக் குறிப்பாள். மறுநாள் நாடாக்களை அவிழ்த்து, மரத்தில் ஊசி குத்தின மாதிரி சின்னக் குறி மட்டும் விட்டுவிட்டு, பிரெத்திடம் கருவியைக் கொடுத்து அதே மரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வாள். வெயிலில் பிரெத்தின் போன் ராஜாவாக இருந்தது. மழையும் பனியும் கலந்து விழுந்த அன்றைக்குக் கதை மாறியது. திரையில் விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகிவிட்டது. மழையே செயலியை மூடியது, மழையே கேமராவைத் திறந்து பிரெத்தின் மூக்கைப் படம் எடுத்தது. கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்தது. கடைசியில் குளிரில் பேட்டரி பாதியிலிருந்து ஒரே தாவலில் பூஜ்யத்துக்குப் போய்ச் செத்தது. பிரெத் அதைச் சட்டைக்குள் அக்குளில் செருகி, கோழி முட்டையை அடைகாப்பது போல ஒரு மரத்தடியில் நின்றாள்.

"பொரிக்குதா?" என்று ஊர்வே கேட்டாள்.

"பேசாத."

பொத்தான் கருவி அந்த மழையிலும் முனகாமல் வண்டிவரை வழிகாட்டியது. ஆனால் அதில் குறிப்பு எழுதுவது பற்றி பிரெத் சொன்னதும் உண்மைதான். ஒரு எழுத்துக்கு அத்தனை அழுத்தல். 'புழுக்கை' என்று எழுதி முடிப்பதற்குள் ஊர்வேக்கே வெறுத்துப்போய்விட்டது.

ஊர்வே ஹெல்துரிடம் போய்ச் சொன்னாள். குறிப்பும் படமும் போனில். எல்லா போனிலும் ஒரே செயலி, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வர வேண்டும், எண் எழுதும் முறையை பிரெத் பூட்டிவிடுவாள், யாரும் மாற்ற முடியாது. ஜோடிக்கு ஒரு பொத்தான் கருவி, திரும்பி வருவதற்கு. அதற்கு மாற்றுப் பேட்டரி. காகித வரைபடம் பையில்.

"ஒண்ணைச் சொல்லுன்னா எல்லாத்தையும் சொல்ற" என்றார் ஹெல்துர்.

"ஒண்ணு எல்லாத்தையும் செய்யலையே. நான் என்ன பண்ணட்டும்?"

அந்த ஏற்பாட்டோடு அடுத்த வசந்தம் நல்லபடியாகவே தொடங்கியது. ஏரியில் ஒரு அணில்கூட இல்லை. அப்போதுதான் எந்தெலின் மரம் வந்து சேர்ந்தது.

எந்தெல் சோசார் அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை. தேனீ வளர்க்கிறார். அவருடைய காட்டுத் துண்டின் ஓரத்தில் அருமையான ஆஸ்பென் கூட்டம் ஒன்று நிற்கிறது. அதை அந்த வருடம் வெட்டி, கொஞ்சத்தை விற்று, மிச்சத்தில் தன் புது சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலறைக்கு, பெஞ்சு போடத் திட்டமிட்டிருந்தார். ஆஸ்பென் பெஞ்சு சூடேறாது, உடம்பைச் சுடாது. அதற்கு ஈடான பலகை வேறில்லை என்பது அவர் கட்சி. வேலிக்கு அந்தப் பக்கம் அரசுக் காடு. வேலி என்றால் பேச்சுக்குத்தான், இருந்தது தூர்ந்துபோன ஒரு வாய்க்கால்.

அந்த வாய்க்கால் ஓரத்து மரத்தடியில் ஊர்வேயும் பிரெத்தும் புழுக்கையைக் கண்டார்கள். புதிது, பளிச்சென்ற மஞ்சள். அணில் மரம் எந்தத் துண்டில் நிற்கிறதோ, அந்தத் துண்டில் சட்டப்படி மரம் வெட்டக் கூடாது. போன் மரத்தை எந்தெலின் பக்கம் காட்டியது. பொத்தான் கருவி அரசின் பக்கம் காட்டியது. இருவரும் மரத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். போன் மனம் மாறி அரசுப் பக்கம் போனது, பொத்தான் கருவி எந்தெலிடம் வந்தது.

சேதி கேட்டு எந்தெல் டிராக்டரிலேயே வந்து இறங்கினார். இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது.

"நீங்கதான் அணில்காரங்களா? என் மரத்துல சீட்டு ஒட்ட வந்தீங்களாமே?"

"சீட்டு இன்னும் ஒட்டலை" என்றாள் ஊர்வே. "உங்க மரமான்னே தெரியலை."

"அந்தப் பெட்டி என்ன சொல்லுது?"

"இது உங்களுதுங்குது. அது இல்லைங்குது. மரத்துல பட்டுத் தெறிச்சு வர சிக்னல்ல ரெண்டும் ஏமாறுது. நாலு எட்டு இப்படிப் போகும், நாலு எட்டு அப்படி. மரத்தைத் திரும்பத் தேடிப் போக இது போதும். யாரோட மரம்னு சொல்ல இது போதாது. எனக்குத் தெரியலை."

எந்தெல் பிரெத்தைப் பார்த்தார்.

"இவங்க அரசாங்க ஆளு தானே?"

"ஆமா."

"தெரியலைன்னு சொல்றாங்களே."

"அடிக்கடி சொல்லுவா" என்றாள் பிரெத்.

பல்கலைக்கழகத்தில் துல்லியக் கருவி ஒன்று இருந்தது. கோலின் உச்சியில் காளான் குடை மாதிரி ஆன்டெனா வைத்தது, விரல் அகலம்கூடப் பிசகாது என்பார்கள். அதை இரவல் கேட்டு எழுதினாள் ஊர்வே. அது வரும் வரை யாரும் எதையும் வெட்டுவதில்லை, ஒட்டுவதும் இல்லை என்று பேச்சானது. போகும்போது ஊர்வே அவரிடம் சொன்னாள்.

"சண்டை போடறதா இருந்தாலும் ஆளைப் பாத்துட்டுப் போடுங்க. நாளைக்குச் சூரியன் இறங்கற நேரத்துக்கு வாங்க. சத்தம் போடாம நிக்கணும்."

"எலியைப் பாக்க எனக்கென்ன ஆசை" என்றார் எந்தெல்.

மறுநாள் அவர்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். வானம் ஆரஞ்சிலிருந்து சாம்பலுக்கு மாறும் வேளையில் பொந்தின் வாயில் இரண்டு கண்கள் தெரிந்தன. முகமே கண்தான் என்று சொல்லும்படி கறுப்பாக, உருண்டையாக. அது கிளையின் நுனிவரை ஓடியது, நின்றது, யோசித்தது, பிறகு கால்களை விரித்துப் பாய்ந்தது. ஒரு சாம்பல் நிறக் கைக்குட்டையை யாரோ உதறி எறிந்தது போல அது எந்தெலின் தலைக்கு மேலாகச் சறுக்கிப் போய் எதிர் மரத்தில் ஒட்டிக்கொண்டது. எந்தெல் வாயைத் திறந்தபடி நின்றார். "இத்தனை வருஷமா இங்கதான் இருந்துச்சா?" என்று கிசுகிசுத்தார். அதற்குப் பிறகு ஊர்வேயை அவர் 'நீங்க' என்று சொல்லவில்லை. "நாளைக்கும் வரும் இல்ல? நீ வருவியா?" என்றார்.

துல்லியக் கருவி வந்த அன்று எந்தெல் கறுப்பு ரொட்டியும் தேனும், பிளாஸ்க்கில் காபியும் கொண்டுவந்திருந்தார். முந்தைய நாளே பாசியைக் கிளறி எல்லைக் கற்கள் இரண்டையும் கண்டுபிடித்துத் துலக்கி வைத்திருந்தார். ஆனால் அந்தக் காளான் குடைக்கு வானம் தெரிய வேண்டும். மரத்தடியில் வைத்தால் அதுவும் தடுமாறியது. பிரெத் யோசித்து, வெட்டவெளியில் இரண்டு இடங்களில் கோலை நட்டு, அங்கிருந்து நாடாவால் மரத்துக்கு அளக்கலாம் என்றாள். கருவி நிதானமாகத் தன் செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் விழுந்த மரத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

"இது என்ன பண்ணுது இவ்வளவு நேரம்?"

"எங்க இருக்கோம்னு யோசிக்குது. நானும் அப்படித்தான்" என்றாள் ஊர்வே.

நாடாவின் முனையை எந்தெல்தான் பிடித்தார். மரத்தோடு ஒட்டி, நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தார். பிரெத் கணக்கைப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"அரசாங்கத்துப் பக்கம். ஒரு எட்டு தள்ளி. எந்தெல், நீ ஜெயிச்சுட்டே. உன் மரத்தை நீ வெட்டிக்கலாம்."

எந்தெல் நாடாவை விடவில்லை.

"மறுபடி அள."

"ரெண்டு தடவை போட்டாச்சு."

"உன் காளான் தூங்கிட்டிருக்கும். மறுபடி அள."

மறுபடி அளந்தார்கள். கோலை இடம் மாற்றி அளந்தார்கள். அதே ஒரு எட்டு. எந்தெல் விழுந்த மரத்தில் போய் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"நான் கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார். "என் அணில், என் அணில்னு. தபால்காரியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். இப்ப அரசாங்க அணில்னா என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது?"

பிரெத்துக்குச் சிரிப்பு முட்டியது, அவள் கருவியை மடக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். ஊர்வே சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஒரு ரொட்டித் துண்டில் தேனைத் தடவி அவரிடம் நீட்டினாள்.

"எந்தெல், ஒரு அணிலுக்கு ஒரே மரம் போதாது. அது வீடு மாத்திக்கிட்டே இருக்கும். உன் ஆஸ்பென் அடியிலயும் நல்லாத் தேடணும். நாங்க அன்னைக்கு வாய்க்கால் ஓரம் மட்டும்தான் பாத்தோம்."

"தேடிக் கெடைச்சா எனக்கு மரம் வெட்ட முடியாம போயிடும்."

"ஆமா. போயிடும்."

அவர் ரொட்டியை மென்றபடி தன் ஆஸ்பென் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொத்தான் பெட்டியை எப்படி இயக்கறது, சொல்லிக் குடு" என்றார்.

அடுத்த பல காலைகள் எந்தெல் தன் ஒவ்வொரு மரத்தடியிலும் மண்டியிட்டார். ஊர்வேக்குப் படம் படமாக அனுப்பினார். முதலில் வந்தது காய்ந்த ஸ்ப்ரூஸ் ஊசி. அடுத்தது முயல். அதற்கடுத்தது என்னவென்றே நிலையத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஊர்வே ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். ஒரு நாள் படம் வரவில்லை, அழைப்பே வந்தது.

"நீயே வந்து பாரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஊர்வே பிரெத்தோடு போனாள். வாய்க்காலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, எந்தக் கருவி எவ்வளவு உளறினாலும் அவருடையதே என்று சொல்லும்படியான இடத்தில், ஒரு முதிய ஆஸ்பென்னின் வேர் மடியில் மஞ்சள் மணிகள் சிதறிக் கிடந்தன. எந்தெல் அதைச் சுற்றிக் குச்சி நட்டு, யாரும் மிதிக்காமல் கயிறு கட்டியிருந்தார். பொத்தான் கருவியில் இடத்தைக் குறித்திருந்தார். குறிப்பு என்ற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, 'சோசார் அணில்' என்று எழுதி முடித்திருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு இதை எழுத?" என்று பிரெத் கேட்டாள்.

"காலைச் சாப்பாடு போச்சு" என்றார் எந்தெல்.

வெட்டு நின்றது. அதற்குரிய ஈட்டுத்தொகைக்கு விண்ணப்பம் போட ஹெல்துர் உதவினார். எந்தெல் நாட்டையே திட்டியபடி ஆல்டர் மரப் பலகை வாங்கி சவுனாவுக்கு பெஞ்சு போட்டார். இலையுதிர் காலத்தில் சவுனாவை முதல்முறை சூடேற்றியபோது நிலையத்து ஆட்கள் எல்லோரையும் அழைத்தார். ஊர்வேயின் வீட்டுக்கே டிராக்டரில் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார், தானாக வரச் சொன்னால் நாளை மறுநாள்தான் வந்து சேருவாள் என்று.

ஆண்கள் குளிக்கும் முறை வந்தபோது அவரும் ஹெல்துரும் மேல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தெல் அடுப்பின் சூடான கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். ஆவி சீறி எழுந்தது.

"ஹெல்துர், ஒரு விஷயம்."

"சொல்லு."

"அந்த வாய்க்கால் ஓரத்து மரம் ஒரு எட்டு தானே தள்ளி நிக்குது? அரசாங்கத்துக்கிட்ட எத்தனையோ காடு இருக்கு. அந்த ஒரு எட்டை எனக்கு விக்கச் சொல்லு."

"எதுக்கு? உன் பக்கம்தான் ஒண்ணு கெடைச்சாச்சே."

"அது அங்கயும் இங்கயும் போய்ட்டு வருது" என்றார் எந்தெல், இன்னொரு கரண்டி தண்ணீரை அள்ளியபடி. "குளிர்காலத்துல அரசாங்கப் பக்கமே தங்கிடுச்சுன்னா?"